கடைசிப் பாட்டு இல்லாத சிடிகள்

எங்களிடம் காகிதம் பிரிக்க வந்த அந்த அக்காவிடம் "போகட்டும் விடுங்கக்கா" என்று சொன்னவர்கள் ஒரு தடவைதான் சொல்லியிருப்பார்கள். எங்கள் குடோனுக்கு டீ கொண்டுவருகிறவர் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டார். டீ ஏன் தண்ணியாக இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, பால்காரன் வரவில்லை, இன்றைக்கு ஒருநாள் போகட்டும் என்றிருக்கிறார். அக்கா எழுந்து தன் கிளாஸை அவருடைய தூக்கில் திருப்பி ஊற்றினாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் கிளாஸ்களையும் வாங்கி ஒவ்வொன்றாக உள்ளே ஊற்றினாள். பாதிப் பேர் பாதி குடித்திருந்தார்கள். அத்தனை பேர் எச்சிலும் தூக்குக்குள் போனது. மறுநாளிலிருந்து டீ கெட்டியாக வந்தது. டீக்காரர் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கோபக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே என் பெரியத்தா, அதாவது பெரியப்பா, இருந்தார். குழம்பில் உப்பு கூடினால் தட்டைத் தூக்கி எறிவார். அதே ஆள் வாசலில் சேல்ஸ் டாக்ஸ்காரர் வந்தால் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போடுவார். அது கோபமில்லை, ஆள் பார்த்து வருகிற வியாதி. அக்காவுக்கு அந்த வியாதி கிடையாது. அவள் எவரிடமும் ஒரே மாதிரிதான் கோபப்பட்டாள், அதனால் எவருக்கும் அவளைப் பிடிக்கவில்லை.

மில்லிலிருந்து சரக்குப் பார்க்க வந்த ஒரு இளவட்டம், பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மாவைப் பார்த்து, ஏய், அந்தப் பேப்பர்க் கட்டை எடு என்றான். அந்த அம்மா எடுத்தும் கொடுத்துவிட்டார். அக்கா கையிலிருந்த வேலையை முடித்தாள். அவன் கிளம்பி பைக்கில் ஏறியபோது போய் முன் சக்கரத்துக்கு நேராக நின்றுகொண்டாள். எடுங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னாள். அவன் ஹாரன் அடித்தான், முதலாளியான என் அத்தாவைக் கூப்பிட்டான், சிரித்துப் பார்த்தான். சித்திரை வெயில் அவன் தலையில்தான் இறங்கியது, ஏனென்றால் அவள் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தாள். கடைசியில் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அப்போது நான் தபாலில் பி.காம். படித்துக்கொண்டு, மாப்பிள்ளை அமைகிறவரை அத்தாவின் குடோனில் கணக்கெழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அத்தாவுக்குக் கழிவுக் காகித வியாபாரம். தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் அமெரிக்கக் குப்பைக் காகிதம், கம்பி போட்டுக் கட்டிய பெரிய பெரிய பேல்களாக லாரியில் சிவகாசிக்கு வரும். கம்பியை வெட்டினால் பொதபொதவென்று சரியும். அந்த ஊர்ப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள், வாழ்த்து அட்டை, பத்திரிகை, பீட்சா டப்பா எல்லாம் இருக்கும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அட்டை தனி, வழவழப்புத் தாள் தனி, பழுப்புத் தாள் தனி என்று பிரிப்பார்கள். பழுப்புத் தாளை வெடிக் கம்பெனிகள் குழாய் சுற்ற வாங்கிக்கொள்ளும். அக்கா பிரிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்த கதையும் ஒரு வெடிக் கம்பெனியிலிருந்துதான் தொடங்குகிறது.

விஸ்வநத்தம் பக்கத்தில் அவளும் அவள் தங்கையும் ஒரே கம்பெனிக்குப் போனார்கள். விடிகிற நேரத்தில் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். தங்கைக்குச் சரவெடி பின்னுகிற வேலை. அக்காவுக்குப் பக்கத்து அறையில் பெட்டி ஒட்டுகிற வேலை. சீசன் நேரம். ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. ஒருநாள் வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிறவர் வரவில்லை. போர்மேன் வராந்தாவில் நின்று தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே போய் மருந்தை அள்ளிக் கொடுக்கச் சொன்னான். அந்தப் பிள்ளைக்கு அந்த வேலை தெரியாது, அந்த அறைக்குள் அவள் கால் வைக்கவே கூடாது. அவன் கூப்பிட்டது அக்காவின் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அறையே இல்லை.

போர்மேன் போலீஸில் வேறு மாதிரி சொன்னான். யாரும் கூப்பிடவில்லை, விளையாட்டுப் புத்தியில் அந்தப் பிள்ளையே உள்ளே போய் மருந்தை அளைந்துவிட்டது என்றான். கம்பெனியும் அதைத்தான் சொன்னது. கம்பெனி பூட்டிக் கிடந்தது, வேன் வரவில்லை, அதனால் ஊரும் அதைத்தான் சொன்னது. அவன் கூப்பிட்டதை வேறு யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்டேன் என்று சொன்னது அக்கா ஒருத்திதான். வழக்கில் அவள்தான் சாட்சி.

எனக்கு இன்றுவரை ஆறாதது இனிமேல்தான் வருகிறது. அக்காவின் அம்மாவும் போர்மேன் சொன்னதையே நம்பினார். சின்னவள் பிறந்ததிலிருந்தே துறுதுறுப்பாம். எரிகிற அடுப்புக்குள் குச்சியை விடுவாளாம், எட்டிப் பார்க்காதே என்றால்தான் கிணற்றை எட்டிப் பார்ப்பாளாம். அப்படிப்பட்டவள் தானாகத்தான் போயிருப்பாள் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. சோறு வடிக்கும்போதும், தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதும், சொன்ன பேச்சைக் கேட்டாளா, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாளா என்று செத்துப்போன மகளை வைதுகொண்டே இருப்பாராம். அக்கா எத்தனையோ தடவை நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அம்மா அதற்குச் சொன்ன பதிலை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நீ யார் மேலதான் கோவப்படல?"

அவ்வளவுதான். வேறொரு பெண், வாயில்லாப் பூச்சியாக இருந்த ஒருத்தி, அதே வார்த்தையை அழுதுகொண்டே சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். எல்லாவற்றுக்கும் கோபப்படுகிறவள் இதற்கும் கோபப்படுகிறாள், போர்மேனோடு அவளுக்கு முன்பே ஆகாது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நியாயத்தைச் சொல்லக்கூட இந்த ஊரில் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் அவளைச் சேர்க்கவில்லை. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அங்கும் பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அத்தா விஷயம் தெரியாமல் சேர்த்துக்கொண்டார். பிறகு தெரிந்துகொண்டார். அந்தக் கம்பெனியும் பூட்டுவதற்கு முன் எங்களிடம்தான் பழுப்புத் தாள் வாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவளை நிறுத்தவில்லை. என் அத்தா நல்லவர்தான். வியாபாரி ஒரு அளவுக்குத்தான் நல்லவனாக இருக்க முடியும் என்பதும் அவரே சொல்வதுதான்.

சிடிகள் ஒரு மழைக்காலத்தில் வந்தன. ஒரு பேலைப் பிரித்தபோது காகிதத்துக்கு நடுவிலிருந்து சிடி பெட்டிகள் கொட்டின. எல்லாமே ஒரே பாட்டுக் குழுவின் சிடிகள். அமெரிக்கப் பையன்கள் நாலு பேர் அட்டைக்கு அட்டை முறைத்துக்கொண்டு நின்றார்கள். விற்காமல் தங்கிய சரக்கு. குப்பையிலிருந்து எடுத்து யாரும் விற்றுவிடக் கூடாது என்று அங்கேயே அடுக்கிவைத்து, பெட்டியோடு சேர்த்து ஓரத்தில் ரம்பத்தால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டிருந்தார்கள். விற்கவில்லை என்றால் அறுத்துவிடுவார்களா என்று அக்கா அத்தாவிடம் கேட்டாள். வியாபாரத்தில் அப்படித்தான் என்றார் அத்தா. அவள் ஒரு சிடியைக் கையில் எடுத்து, வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

குடோனில் ஒரு விசிடி பிளேயரும் ஸ்பீக்கரும் உண்டு. சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு வேலை நடக்கும். அறுந்த சிடியை அக்கா அதில் போட்டாள். பிளேயர் குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறியது. பிறகு சத்தம் வந்தது. கிடாரும் டிரம்மும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின, அதற்கு மேல் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் கத்தலுக்கு அடியில் ஒரு மெட்டு இருந்தது. இரண்டு தடவை கேட்டால் வாய் தானாக முணுமுணுக்கும். ஒரு பாட்டு இரண்டரை நிமிஷத்தில் முடிந்து, மூச்சு விடுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவன் யாரோடு சண்டை போடுகிறான் என்று என்னிடம் கேட்டாள். பெட்டிக்குள்ளிருந்த சிறு புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நான் அர்த்தம் கண்டுபிடித்தேன். ஊர் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருத்தி விட்டுவிட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் போக ஒரு இடமில்லை. நான் படித்து முடித்ததும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதுக்கா இம்புட்டுக் கத்து என்றார் ஒரு அம்மா. அக்கா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனவன் ஊரு அவனவனுக்குத்தான் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பாட்டுக்கும் அவள் அர்த்தம் கேட்கவில்லை.

அந்தக் குழு பாடி வெளியிட்டது மொத்தமும் எங்கள் குடோனில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். முதல் சிடி குளியலறையில் வைத்துப் பதிவு செய்ததுபோல இருக்கும். பாடுகிறவனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருக்கும்போல, குரல் உடையும். டிரம் அடிக்கிறவன் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி மற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடுவான். அக்காவுக்கு அதுதான் உசத்தி. இரண்டாவதும் அதே ரகம், சத்தம் மட்டும் கொஞ்சம் தெளிவு. மூன்றாவதில் நாலு பேரும் டை கட்டிக்கொண்டு நின்றார்கள், எந்த வாத்தியமும் எதையும் இடிக்காமல் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. அட்டையின் பின்னால் பெரிய கம்பெனி ஒன்றின் முத்திரை புதிதாக இருந்தது. குளித்துவிட்டு வந்து பாடுகிறார்கள் என்று சொல்லி அக்கா அதைத் தள்ளிவைத்தாள். நான்காவதில் வயலின் வேறு வந்தது. பணம் வந்துருச்சு போல என்றாள், சாவுச் செய்தி கேட்டவள் மாதிரி.

கச்சேரியில் பதிவு செய்த சிடி ஒன்று இருந்தது. அதில் பாடுகிறவனை விடக் கூட்டம்தான் கூடுதலாகக் கத்தும். அவன் பாதியில் நிறுத்திவிடுவான், ஆயிரக்கணக்கான பேர் மீதியைப் பாடுவார்கள். அந்த இடம் வந்தால் அக்கா கையிலிருக்கும் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்பாள். "இம்புட்டுப் பேருக்குக் கோவம் இருக்கு பாத்தியா பாப்பா," என்றாள் ஒருநாள். விஸ்வநத்தத்தில் ஒருத்திகூட அவள் பக்கம் நிற்காத காலம் அது. எங்கோ முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத கூட்டம் ஒன்று கத்துவதில் அவளுக்கு ஒரு துணை கிடைத்தது.

சிடி என்பது உள்ளேயிருந்து வெளியே பாடிக்கொண்டு போகும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்டு ஓரத்தில் விழுந்திருந்ததால் முதல் பாட்டுகளுக்குச் சேதமில்லை. கடைசிப் பாட்டு மட்டும் கிடையாது. ஒவ்வொரு சிடியும் அந்த இடத்துக்கு வந்ததும் கிர்ர் கிர்ர் என்று இழுத்து நின்றுவிடும். ஒரே ஒரு சின்ன சிடி மட்டும் தப்பியது. அதில் மொத்தமே மூன்றோ நாலோ பாட்டுகள்தான், வெட்டு அதுவரை எட்டவில்லை. அதன் கடைசிப் பாட்டுதான் இருப்பதிலேயே பெரிய கூப்பாடு. டிரம்மையும் கிடாரையும் போட்டு உடைக்கிற சத்தத்தோடு முடியும். அதைக் கேட்டதிலிருந்து, மற்ற சிடிகளும் அப்படித்தான் முடியும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

அதனால் பாட்டு நின்ற இடத்திலிருந்து மீதியை அவளே முடித்தாள். பிளேயர் இழுக்கத் தொடங்கியதும் எழுந்து, கம்பி நெம்புகிற இரும்புத் தடியால் பேல் அழுத்துகிற மெஷினில் ஓங்கி அடித்துக்கொண்டே வைவாள். போர்மேனை வைவாள். கம்பெனியை, ஊர்ப் பெரியவரை, பக்கத்து அறையில் இருந்துகொண்டு காது கேட்காத பெண்களை எல்லாம் முறைப்படி, ஒருவரையும் விடாமல் வைவாள். அந்த வார்த்தைகளை நான் எழுத முடியாது. முதலில் பயந்த பெண்கள் போகப்போக அதற்காகவே காத்திருந்தார்கள். மாமியார்க்காரியை வைய வேண்டியவர்கள் அந்தச் சத்தத்துக்குள் தங்கள் பங்கையும் வைதுகொண்டார்கள். அத்தா மட்டும் அந்த நேரம் பார்த்துத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்.

இடையிடையே சமாதானம் பேச ஆள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து போனால் மாசம் கழித்து இன்னொருவர் வருவார். எல்லாருக்கும் ஒரே குரல். நெய் தடவிய குரல். போனவள் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா என்பார்கள். அக்கா பேப்பர் பிரிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்கள் போனபின் எங்களிடம் சொல்வாள்: "சமாதானம் பேச வாரவன் மூஞ்சியப் பாருங்க. அம்புட்டுப் பேரும் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருப்பான்."

கடைசிப் பாட்டுகளை அவளுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்போது சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வந்துவிட்டன. என்னோடு படித்த ஒருத்தியின் அண்ணன் அப்படி ஒன்று வைத்திருந்தார். அட்டைகளின் பின்னால் இருந்த பாட்டுப் பெயர்களைக் கொடுத்துச் சொல்லிவைத்தேன். ஒவ்வொன்றும் இறங்க அரை நாள் ஆகும், பாதியில் கரண்டு போகும், மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். எப்படியோ எல்லாவற்றையும் பிடித்து ஒரு புது சிடியில் ஏற்றிக் கொடுத்தார். வெட்டு இல்லாத சிடி. வழக்கில் சாட்சி சொல்ல அவளுக்குக் கோர்ட்டிலிருந்து தேதி வந்திருந்த சமயம் அது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா இரும்புத் தடியை மடியில் வைத்திருந்தாள். முதல் பாட்டு ஒற்றைக் கிடாரில் தொடங்கியது. டிரம் வரும் வரும் என்று பார்த்தோம், வரவில்லை. அவன் மெதுவாக, காதோடு பேசுகிறவன்போலப் பாடினான். சரி, ஒரு பாட்டு அப்படி இருக்கும் என்று அடுத்ததற்குப் போனோம். அதுவும் ஒற்றைக் கிடார். அடுத்ததில் வயலின். கச்சேரி சிடியின் கடைசிப் பாட்டில்கூடக் கூட்டம் கத்தாமல், ஆ ஆ என்று இழுத்துக்கொண்டு சேர்ந்து பாடியது.  அக்கா என்னிடம் அர்த்தம் கேட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்கிறாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது புரிந்தது. எல்லாப் பாட்டும் ஒன்றைத்தான் சொன்னது. மன்னித்துவிடு, நான்தான் அவசரப்பட்டேன், சின்னப் பையன், தெரியாமல் பேசிவிட்டேன், கதவைத் திற, வீட்டுக்கு வருகிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பாட்டுகள் பிடித்திருந்தன. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவள் கத்தவில்லை, தடியால் அடிக்கவுமில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. தெருவில் தனக்காகச் சண்டைக்கு வந்து நின்றவன் பின்வாசல் வழியாகப் போய் எதிரியின் காலில் விழுந்ததைப் பார்த்துவிட்டவள்போல இருந்தாள்.

"அம்புட்டுக் கத்திட்டு, முடிவுல கால்ல விழுந்திருக்கானுக," என்றாள்.

எழுந்து பிளேயரிலிருந்து அந்தப் புது சிடியை எடுத்தாள். குடோன் மூலையில் கையால் அழுத்தி அட்டை வெட்டுகிற மெஷின் உண்டு. மற்ற சிடி ஒன்றை அதன் மேல் அளவு வைத்துப் பார்த்து, வெட்டு எங்கே இருந்ததோ அதே இடத்தில் கத்தியை இறக்கினாள். பிளாஸ்டிக் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. அறுத்தவன் விவரமானவன் என்று சொல்லிவிட்டு, பழைய முதல் சிடியைப் போட்டாள். குரல் உடைந்த பையன் மறுபடி கத்தத் தொடங்கினான். எனக்கு அவள் மேல் வருத்தமெல்லாம் இல்லை. அந்த நாலு பேர் மேல்தான் எரிச்சல் வந்தது.

வழக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்ல அதிகமில்லை. அவள் கூண்டில் ஏறி, போர்மேன் கூப்பிட்டதைக் கேட்டேன் என்று சொன்னாள். குறுக்கு விசாரணையில் அவளைச் சண்டைக்காரி என்றார்கள். ஆமாம் என்றாளாம். தண்டனை போர்மேனோடு நின்றது. கம்பெனி வேறு பெயர்ப்பலகை மாட்டி, வாசலைக் கிழக்கிலிருந்து வடக்குக்கு மாற்றித் திறந்தது. வேன் மறுபடி ஊருக்குள் வந்தது. அத்தா அந்தப் புதுப் பெயருக்கும் பழுப்புத் தாள் கொடுத்தார். நான் அவரோடு ஒரு மாசம் பேசவில்லை, அவர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, சாட்சி சொல்லும் தேதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எங்கள் குடோனில் நடந்ததுதான்.

அன்று ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா திரும்பும்போது கூடவே மூன்று பேர் வந்தார்கள். ஊர்ப் பெரியவர், போர்மேன், கம்பெனி ஆள் ஒருவர். கடைசிச் சமாதானம். பேச்சு பொது இடத்தில் நடக்கட்டும் என்று எங்கள் குடோனை வைத்திருக்கிறார்கள். அத்தா ஒத்துக்கொண்டிருக்கிறார். அக்காவின் அம்மாவையும் ஊர்ப் பெரியவரே ஆட்டோ வைத்துக் கூட்டிவந்திருந்தார், பெற்றவள் சொன்னால் மகள் தட்டமாட்டாள் என்ற கணக்கில். அந்த அம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக, தலையைத் தூக்காமல், பேல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

ஊர்ப் பெரியவர் நெடுநேரம் பேசினார். சின்னவள் தன் பேத்தி மாதிரி என்றார், குரலை ஒரு இடத்தில் தழுதழுக்கவும் வைத்தார். வேன் நின்று எத்தனை அடுப்பு அணைந்திருக்கிறது என்று சொன்னார். பொய் சொல்லச் சொல்லவில்லை என்றார். தங்கச்சி மேல் பழி போடச் சொல்லவில்லை, யாரையும் காப்பாற்றச் சொல்லவில்லை. போர்மேன் தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கம்பெனி ஆள் வாட்சைப் பார்த்தார். அத்தா ஆமோதிக்கிற மாதிரி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் டீ கிளாஸ்களோடு நின்றேன், எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்கா எதையும் கேட்காதவள்போல வழவழப்புத் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் கடைசியாகக் குரலை இன்னும் தாழ்த்தி, ஊட்டிவிடுகிறவர்போல அந்த வார்த்தையைச் சொன்னார்:

"இந்தா பாரு தாயி, நீ ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம். அவன் கூப்பிட்டது ஒங் காதுல விழலைன்னு மட்டும் சொல்லிரு. அம்புட்டுத்தான்."

அக்கா வாய் திறப்பதற்குள் தரையிலிருந்து குரல் வந்தது. அந்த அம்மா தலையைத் தூக்கியிருந்தார்.

"அப்ப கூப்பிட்டிருக்கான்."

 பெரியவருக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. அப்படியில்லைம்மா, ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் என்று தொடங்கினார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. போர்மேனைப் பார்த்தார். ஏண்டா, எம் பிள்ளைய நீ கூப்பிட்டியா என்று கேட்டார். அவன் கையைக் கட்டியபடியே தரையைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அந்த அம்மா நம்பியிருப்பார். இத்தனை நாளும் அவனைத்தானே நம்பினார். 

அந்த அம்மா எழுந்தார். பேலில் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. எழுந்தபின் வைதார். அக்காவின் வாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவனை வைதார், அவனை அழைத்துவந்தவர்களை வைதார், வேனை, சீசனை, பத்து வீட்டு அடுப்பைக் காட்டித் தன் வாயை அடைத்தவர்களை வைதார். நடுவில் சின்னவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒன்னையா தாயி நான் வஞ்சேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பிறகு மறுபடி அவனிடம் திரும்பினார். பேப்பர் பிரிக்கிற பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அத்தாவால் அதைத் தாங்க முடியவில்லை. வெளியே தெருவில் ஆள் கூடத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்து, அம்மாவைச் சமாதானப்படுத்தும்படி அக்காவிடம் கையைக் காட்டினார். அக்கா அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"யாரும் குறுக்க வராதீக பாய். எங்கம்மா இம்புட்டு நாளாச் செத்த பிள்ளையத்தான் வஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குத்தான் வைய வேண்டிய ஆள வையுது."

அத்தா உட்கார்ந்தார். அந்த அம்மா முடிக்கிறவரை யாரும் குறுக்கே வரவில்லை.